கோடு விழுந்த நட்சத்திரங்கள்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், போர்க்காலத்தில் பம்பாய் முழுவதும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த வேளையில், மாட்டுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் காமிராவும் தொலைநோக்கியுமாக நின்றவன் ஏதோ தைரியசாலி என்று யாராவது நினைத்துக்கொள்ளக்கூடும். தைரியமெல்லாம் இல்லை, ஆசைதான். ஆசை வந்துவிட்டால் பயந்தாங்கொள்ளியும் மாடிப்படி ஏறுவான். ஆனால் ஒவ்வொரு படியிலும் பயந்துகொண்டே ஏறுவான்.

என் ஆசை ஒரு புகையின் மேல். திருவாதிரை நட்சத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த மூன்றுக்கும் கீழே மங்கலாக ஒன்று தொங்கும். வெறும் கண்ணுக்கு அதுவும் நட்சத்திரம்தான். தொலைநோக்கியில் பார்த்தால் அது நட்சத்திரமில்லை, ஒளிவிடும் புகை. நெபுலா என்பார்கள். கண்ணுக்குச் சாம்பல் பூசிய மாதிரிதான் தெரியும். கண்ணாடித் தட்டில் போட்டோ எடுத்தால் கதை வேறு. கண் சேர்த்துவைக்கத் தெரியாத வெளிச்சத்தைத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும். இறக்கை விரித்த பறவை மாதிரி வரும் என்று ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். அந்தப் படத்தை நானே எடுக்க வேண்டும் என்று பிடித்த பைத்தியம் என்னை விடவில்லை.

பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் அலைந்து, மூடிப்போன ஏதோ ஒரு ஸ்டூடியோவின் லென்ஸையும் தட்டுப்பெட்டியையும் ஒரு பித்தளைத் தொலைநோக்கியையும் வாங்கிவந்தேன். வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறதல்லவா, காமிராவும் கூடவே நகர வேண்டும். அதற்கு ஒரு நீளத் திருகு, அதன் முனையில் கைப்பிடி. தொலைநோக்கிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முடிகளை ஒட்டியிருந்தேன். அந்த முடிகள் கூடும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்திவைத்து, அது விலகாதபடி கைப்பிடியை மெல்லமெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைநோக்கியின் முதுகில் காமிரா இருக்கும். நான் நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் காமிராவும் பிடித்துக்கொள்ளும். முடி என் மனைவியின் சீப்பிலிருந்து எடுத்தது. அவளுக்குச் சுருட்டை முடி. நேராக நிற்கிற முடியாக இரண்டு கிடைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

சாதாரண நாளில் பம்பாய் வானத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமில்லை. தெருவிளக்கின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு போர் வந்தது, பிளாக்-அவுட் வந்தது. பொழுது சாய்ந்ததும் தெருவிளக்கு எரியாது. வீட்டில் விளக்கு வைத்தால் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். ஊரே குண்டு விழுமோ என்று பயந்துகொண்டிருந்தது, நானும்தான். ஆனால் தை, மாசி மாதங்களில் இருட்டியவுடனேயே அந்த மூன்று நட்சத்திரங்களும் உச்சிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மாட்டுங்கா மொட்டை மாடியிலிருந்து அப்படி ஒரு வானத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆபீஸ் விட்டு வந்து காப்பியைக் குடித்துவிட்டு மேலே போய்விடுவேன்.

படம் வந்தது. ஆனால் நட்சத்திரங்கள் சரியாக வரவில்லை.

இந்தக் கலையில் நெபுலா எப்படி வந்திருக்கிறது என்று முதலில் பார்க்கிறவன் கற்றுக்குட்டி. விஷயம் தெரிந்தவன் நட்சத்திரத்தைத்தான் பார்ப்பான். நட்சத்திரம் உருண்டையாக, கூராக, புள்ளியாக விழுந்திருந்தால்தான் மற்றதை நம்பலாம். என் தட்டுகளில் பிரகாசமான நட்சத்திரங்களெல்லாம் கோடாக இழுபட்டிருந்தன. மங்கலானவை மட்டும் புள்ளியாக இருந்தன. கோடு வருகிற அளவுக்கு அவற்றிடம் வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். நடுவில் நெபுலா, ஈரத்துணியால் துடைத்த கோலம் மாதிரிக் கலைந்து கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே வந்தது.

ரயிலைக் குறை சொன்னேன். இந்தப் பக்கமும் ரயில், அந்தப் பக்கமும் ரயில், கட்டடம் எப்படி நிற்கும் என்றேன். ரயில் போகாத நேரம் பார்த்து எடுத்தாலும் கோடுதான். லென்ஸைக் குறை சொன்னேன். கடைசியில் திருகைக் குறை சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி, காப்பி டம்ளரை வைத்துவிட்டு. எனக்குக் கோபம் வந்தது. திருகைத் துணியில் சுற்றிக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

அதைக் கடைந்து கொடுத்தவர் தாராவியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருகை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, என் கையையும் ஒரு பார்வை பார்த்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது எப்போதும் உள்ளதுதான், முகம் தெரியாதவர்களோடு வாதாடினால் நடுங்கும்.

"திருக மேல குத்தம் சொல்லாதீய சார். ஒங்க கையில்லா நடுங்குது, அதுக்கு திருகு என்ன செய்யும்?" என்றார்.

அந்தச் சொல் என் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அப்படியானால் குற்றம் என் பயத்தில்தான். அவர் சொன்னதும் தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் வேறு வினை வந்து சேர்ந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு மாமாதான் எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன், விமானத் தாக்குதல் வந்தால் எச்சரிக்க வேண்டியவர். தகரத் தொப்பியும் விசிலும் கொடுத்திருந்தார்கள். கெட்ட மனிதரில்லை. ஆனால் விசில் கொடுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. யார் வீட்டு ஜன்னலில் நூல் அளவு வெளிச்சம் கசிந்தாலும் வந்து நிற்பார். நான் திருகில் கீறிவைத்திருந்த குறிகளைப் பார்ப்பதற்காக ஒரு சின்னக் கைவிளக்கை மனைவியின் சிவப்பு ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். சிவப்பு வெளிச்சம் அந்தத் தட்டுகளைக் கெடுக்காது. ஒருநாள் தெருமுனையிலிருந்து அண்ணாந்து பார்த்தவருக்கு, எங்கள் மாடியில் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்திருக்கிறது. என் கைதான் குறுக்கே போய்ப்போய் வந்தது. அவருக்கு அது சமிக்ஞை. மேலே வந்து பார்த்தால் துறைமுகம் இருக்கிற திசையில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஊர் முழுவதும் இருண்டுகிடக்கும்போது அவரைச் சொல்லி என்ன பயன்?

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே போலீஸ் சௌக்கிக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் சௌக்கியில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர்கள் வீட்டிலிருந்து அள்ளிவந்த என் தட்டுகள் மேஜை மேல் இருந்தன. அதிகாரி மராத்திக்காரர், நிதானமானவர், குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒரு தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். புள்ளி, கோடு, கோடு, புள்ளி. இது என்ன என்று கேட்டார். நட்சத்திரம் என்றேன்.

"தாரே ஐஸே ஹோதே ஹைன் க்யா?" என்றார். நட்சத்திரம் இப்படியா இருக்கும் என்று. பிறந்ததிலிருந்து நட்சத்திரங்களைப் பார்த்துவருகிறேன், எல்லாம் புள்ளிதான், கோடு போட்ட நட்சத்திரத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு சாவகாசமாக, எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டார்.

தந்தி ஆபீஸில் என்றேன்.

புள்ளியும் கோடும்தான் என் பிழைப்பு. நாள் முழுவதும் அதைக் கேட்டு எழுதுகிறவன், தட்டி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்து புள்ளியும் கோடுமாக ஒரு பெட்டிக் கண்ணாடித் தட்டுகள். வார்டன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வானம் நகர்வதையும் திருகையும் முடியையும் பற்றிச் சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. அதிகாரி கடைசியில் சொன்னது இதுதான்: மேலதிகாரி வெளியூர் போயிருக்கிறார். அவர் திரும்பியதும் இந்தக் காகிதங்கள் அவரிடம் போகும். அதற்குள் இதே இயந்திரத்தில், இதே மாடியில், வார்டன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு படம் எடு. அவர் முன்னாலேயே கழுவு. அந்தத் தட்டை அவர் கையில் கொடுத்து நேராக இங்கே கூட்டி வா. நட்சத்திரம் புள்ளியாக இருந்தால் நீ நட்சத்திரத்தைத்தான் எடுத்தாய் என்று நானே எழுதி மூடிவிடுகிறேன். இல்லையென்றால் மேலே அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை.

செம்பூரில் ஆபீஸ் நண்பர் ஒருவர் புல்வெளி நடுவில் குடியிருந்தார். அங்கே கொண்டுபோய் எடுத்துவரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். இயந்திரம் கட்டடத்தை விட்டு நகரக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மேலே அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தந்தி ஆபீஸ்காரன் மேல் சந்தேகம் விழுந்தால் முதலில் வேலை போகும், பிறகு ஆளும் போவான். காலம் அப்படி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. வீட்டுக்கு வந்து, அவர்கள் விட்டுவைத்த ஒரு பழைய தட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் இருக்கிற புள்ளியையும் கோட்டையும் தந்தி மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். தற்செயலாக ஏதாவது வார்த்தை அமைந்துவிட்டிருந்தால்? மேலிருந்து கீழாக வாசித்தேன், ஒன்றும் வரவில்லை. வலமிருந்து இடமாக வாசித்தேன். அப்புறம்தான் உறைத்தது, நட்சத்திரத்துக்கு வரிசை ஏது? வரிசை வாசிக்கிறவன் இஷ்டம் என்றால் எந்த வார்த்தையும் வரும். கப்பல் என்றும் வரும், குண்டு என்றும் வரும். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கிடையில் வளர்பிறை ஆரம்பித்துவிட்டது. தெருவிளக்கை அணைக்கலாம், நிலாவை யார் அணைப்பது? நாளாக ஆக நிலா பெரிதாகும், வானம் வெளுக்கும், புகை மறையும். தட்டுகளும் கடைசிப் பெட்டியில் மிஞ்சியவைதான். போர்க்காலத்தில் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்கவில்லை.

முதல் நாள் வார்டன் மாமாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். முடிகளின் நடுவில் நட்சத்திரம் துடித்துக்கொண்டிருந்தது. நகரவில்லை, துடித்தது. ஒரே சீராக, லேசாக இப்படியும் அப்படியும். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி துடிக்கும். என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், அதுவும் குதித்துக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை, என் நெஞ்சுதான் கண் வழியாகக் குழாயை ஆட்டுகிறது என்று தீர்மானித்தேன். மூச்சை அடக்கினேன். ராம ராம என்றேன். குழாயில் படாமல் எட்டி நின்று பார்த்தேன். துடிப்பு நின்றபாடில்லை. பயந்தால் நட்சத்திரம் கெடும், நட்சத்திரம் கெட்டால் ஜெயில், ஜெயிலை நினைத்தால் பயம். அன்று தட்டைத் திறக்காமலே இறங்கிவிட்டேன். வார்டன் மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் என் மேல் இருந்த சந்தேகம் கொஞ்சம் கூடியிருந்தது போல் எனக்குப் பட்டது.

மறுநாளும் அதே துடிப்பு. அன்று அவர் வருவதற்கு நேரமாயிற்று. நான் தனியாகக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி சுக்கு வெந்நீரோடு மேலே வந்தாள். நெஞ்சு படபடப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். நட்சத்திரம் நின்றது.

நான் நம்பவில்லை. மறுபடி பார்த்தேன். சுவரில் அறைந்த ஆணி மாதிரி நட்சத்திரம் அசையாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் பக்கத்தில் இருந்தால் என் நெஞ்சு அடங்குகிறது, இது இத்தனை நாளாகத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இங்கேயே நில் என்று சொன்னேன். அவள் என்ன நினைத்துக்கொண்டாளோ, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். திருமணமாகி அதுவரை நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் நட்சத்திரம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது. அவள் அசையாமல் பக்கத்திலேயேதான் நிற்கிறாள். என் வாயிலிருந்து, ஐயோ, மறுபடி ஆரம்பித்துவிட்டதே என்று வந்துவிட்டது.

"ஆமாம், பக்கத்தாத்து மாமி ஆரம்பிச்சுட்டா," என்றாள் அவள்.

என்ன ஆரம்பித்துவிட்டாள் என்று கேட்டேன்.

"அரைக்கத்தான். கால்ல தெரியறதே, உங்களுக்குத் தெரியலையா?"

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். குளிர் என்று கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தேன். அவள் வெறுங்காலோடு நின்றாள்.

அங்கேயே பூட்ஸைக் கழற்றினேன். தளம் சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்புக்கு அடியில், வெகு லேசாக, ஒரு உருளல். அவளைக் கீழே போய் அரைக்கச் சொன்னேன். நட்சத்திரம் இன்னும் பெரிதாகத் துடித்தது. நிறுத்து என்று மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தேன், துடிப்பு சிறிதாயிற்று. அரை என்றேன், துடித்தது. ஆபீஸில் விசையைத் தட்டுவது போல, அவள் கீழே குழவியைச் சுற்றச்சுற்ற மேலே நட்சத்திரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

விஷயம் இவ்வளவுதான். மாடியில் எல்லாவற்றையும்விட உறுதியான இடம் எது என்று தட்டித்தட்டிப் பார்த்து, கைப்பிடிச் சுவரில் ஒரு தூணின் மேல் இயந்திரத்தைப் பூட்டியிருந்தேன். அந்தத் தூண் நின்ற சுவர் அஸ்திவாரத்திலிருந்து மேல்வரை ஒரே சுவர். ஒவ்வொரு மாடியிலும் சமையலறைகள் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பது அந்தச் சுவரில்தான், ஒவ்வொரு சமையலறையிலும் ஆட்டுக்கல் பதித்திருப்பதும் அதன் காலடியில்தான்.

ஆனால் எல்லோரும் ஏன் நான் மேலே போகிற அதே நேரம் பார்த்து அரைக்க வேண்டும்? இதைக் கேட்டபோது அவள் என்னை ஒரு அசட்டுப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"பின்ன இருட்டுல வேற என்ன பண்றதாம்? ஜன்னலை மூடிண்டு விளக்கைப் போட்டா வெந்து போயிடும். விளக்கை அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து வச்சுக்கறோம். இருட்டுல அரிசியில கல் பொறுக்க முடியுமா, காய் நறுக்க முடியுமா? அரைக்கறதுக்குக் கண்ணு வேண்டாம்."

எனக்கு வானத்தைத் திறந்துவிட்ட அதே இருட்டுதான், கட்டடத்துப் பெண்களையெல்லாம் ஒரே நேரத்தில் ஆட்டுக்கல்லின் முன் உட்காரவைத்திருந்தது. பம்பாய் எவ்வளவு இருண்டதோ அவ்வளவு மாவு அரைபட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் சரி, இங்கே கூடமே கோணல்தான். அதை அவளிடம் சொன்னேன். கோணலோ நேரோ, நாளைக்குள் படம் எடுத்தாக வேண்டுமே என்றாள் அவள். மேலதிகாரி இன்னும் ஓரிரு நாளில் வந்துவிடுவார் என்று சௌக்கியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிலாவோ தேங்காய்க் கீற்று அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு நாள், ஒரே ஒரு மாலை, கட்டடத்தில் யாரும் அரைக்கக்கூடாது. காலையில் அரிசி நனைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நனைத்த அரிசியை யாரும் சும்மா விடமாட்டார்கள். என்ன காரணம் சொல்வது? போலீஸ் என்று சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் யார் கேட்பார்கள்? நான் வீட்டுக்குள் இங்கும் அங்குமாக நடந்தேன். என் மனைவி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தாள். மாமிகள் யாரும் என்னைத் தப்பாக நினைக்கவில்லையாம். அசடு என்று மட்டும்தான் சொன்னார்களாம். எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு வீட்டுக்கு அவள் போகவில்லை, அது வார்டன் மாமாவின் வீடு. சௌக்கி விஷயம் தன் ஆத்துக்காரிக்குத் தெரியக்கூடாது என்று அவர் முதல் நாளே எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருடைய மனைவியும் என் மனைவியும் கோயிலுக்கு ஒன்றாகப் போகிறவர்கள். என்னைக் காட்டிக்கொடுத்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. கீழ்வீடுதானே, அவ்வளவு தூரத்திலிருந்து என்ன ஆகப்போகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அன்று பொழுது சாய்ந்ததும் மேலே போனேன். வெறுங்கால். வார்டன் மாமா நாற்காலியில், தகரத் தொப்பியோடு. என் மனைவி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள், அது இப்போது அவளுடைய இடம். கட்டடம் அப்படி ஒரு நிசப்தத்தில் இருந்தது. யார் வீட்டிலோ குழந்தை சிணுங்கியது, உடனே அடங்கியது. ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், என் ஒருவனுக்காக. நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நட்சத்திரம் நின்றது. லென்ஸ் மூடியை எடுத்தேன். திருகைத் திருப்ப ஆரம்பித்தேன். என் கை நடுங்கத்தான் செய்தது, நெஞ்சும் அடித்துக்கொண்டது. ஆனால் நட்சத்திரம் அதையெல்லாம் சட்டையே செய்யவில்லை.

பாதி ஆகியிருக்கும். துடித்தது.

சட்டென்று லென்ஸை மூடினேன். மூடியிருக்கும் வரை தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எத்தனை நேரம் மூடிவைக்க முடியும்? புகை மேற்கே சாய்ந்துகொண்டே இருக்கிறது, நிலாவும் அதே பக்கத்தில்தான் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் காலை ஊன்றி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வார்டன் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இது உங்காத்துலேர்ந்து வரது," என்றாள்.

அவருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. காலை முதல் கட்டடத்தில் நடந்த குசுகுசுப்பு அவர் காதிலும் விழுந்திருக்கும். எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் போதும், நான் தீர்ந்தேன். அவர் கையால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேர்வை என் கண்ணில் இறங்கியது. வாய்விட்டு எதையும் கேட்கவும் பயமாக இருந்தது.

பிறகு அவர் தகரத் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. நட்சத்திரம் துடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. அவர் உடனே மேலே வரவில்லை. நான் மூடியைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வெகுநேரம் கழித்து மூச்சு வாங்க அவர் படியேறி வரும் சத்தம் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவகிட்டச் சொல்லிட்டேன். நீர் எடும்," என்றார்.

குளியலறையில்தான் தட்டைக் கழுவினேன். வார்டன் மாமா கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரவிக்கைத் துணி சுற்றிய அதே சிவப்பு விளக்கு. தட்டில் ஒன்றுமில்லாமல் இருந்தது, பிறகு கறுப்பாகக் கடுகு தெறித்த மாதிரி ஒரு புள்ளி. இன்னொன்று. உருண்டையாக, கூராக. அப்புறம் நடுவில் மெல்ல அந்தப் பறவை வந்தது, ஒரு இறக்கை, பிறகு இன்னொரு இறக்கை. நெகடிவ் என்பதால் கறுப்புப் பறவை. வார்டன் மாமா வாளியை விட்டு எழுந்து குனிந்து பார்த்தார். இதையா எடுத்துக்கொண்டிருந்தீர் என்று கேட்டார். இதைத்தான் என்றேன்.

காலையில் தட்டு காய்ந்ததும் இருவருமாகச் சௌக்கிக்குப் போனோம். தட்டை அவரே கொண்டுவந்தார், என் கையில் தர அதிகாரி அனுமதிக்கவில்லை. அதிகாரி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். ஹாம், தாரே ஹைன் என்றார், ஆமாம், நட்சத்திரங்கள்தான் என்று. ஏதோ எழுதினார், வார்டன் மாமாவிடம் கையெழுத்து வாங்கினார், மூடினார். இத்தனை நாள் என்னை ஆட்டிவைத்த விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. பழைய தட்டுகளையெல்லாம் என் பக்கம் தள்ளி, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

நல்ல தட்டு அவர் மேஜை மேலேயே இருந்தது. அதைக் கேட்டேன். அது காகிதங்களோடு இருக்க வேண்டும், அதுதானே சாட்சி என்றார். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறேன் என்றேன். முடியாது என்றார், கோபமில்லாமல். வார்டன் மாமாவும் எனக்காகக் கேட்டார். பயந்தாங்கொள்ளியான நான் அன்று மூன்றாம் தடவையும் கேட்டேன். அவர் அதை ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு நிலா பெருத்தது. புகை மேற்கே இறங்கியது, மழைக்காலம் வந்தது. தட்டுகளும் கிடைக்கவில்லை. போர் முடிவதற்கு முன்பே விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்துவிட்டன. அப்படி ஒரு படம் நான் மறுபடி எடுக்கவில்லை.

சௌக்கியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், கோடு விழுந்த தட்டுகளை மேஜை மேல் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடைத்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனைவி ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். இதில் நான் எது என்று கேட்டாள். அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லோரும் கலந்துதான் இருப்பார்கள் என்றேன்.

"நான் நடுவுல நிறுத்தவே மாட்டேன். நீளமா இருக்கறதெல்லாம் நான்தான்," என்று சொல்லிவிட்டுத் தட்டை என்னிடம் கொடுத்தாள்.

முந்தின நாள் கட்டடத்தில் யாரும் அரைத்து முடிக்கவில்லை. காலையில் எந்த வீட்டிலும் இட்லி, தோசை இல்லை. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. அவள் விளக்கை அணைத்து, சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தாள். நான் வெறுங்காலோடு சமையலறை வாசற்படியில் போய் நின்றேன். காலில் தெரிந்தது.